மாதம் 5.35 லட்சமும் 28 ஆயிரமும்: அமெரிக்க, இந்தியக் குடும்பச் செலவை எப்படி ஒப்பிடுவது?

வாட்ஸப்பில் வந்த ஒரு படத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒரு குடும்பம் சராசரியாக மாதம் 5.35 லட்சம் ரூபாய் செலவழிக்கிறது, இந்திய நகரத்துக் குடும்பம் 28 ஆயிரம்தான் செலவழிக்கிறது, ஆக அவர்கள் நம்மைவிட 19 மடங்கு வசதி என்று அதில் போட்டிருக்கிறது. கூடவே நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "என் தம்பி டெக்சஸில் இருக்கிறான், மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறான், அப்படியென்றால் அவன் பொய் சொல்கிறான் என்றுதானே அர்த்தம்?" உங்கள் நிஜமான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், தம்பி பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படத்தில் உள்ள இரண்டு தொகைகளும்கூடக் கிட்டத்தட்ட சரிதான். ஒன்றை இன்னொன்றால் வகுத்து 19 என்று போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. அதைச் சொல்லக் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் வீடு வீடாகப் போய்க் குடும்பச் செலவு எடுக்கும் சர்வே வேலை பார்த்தவன் நான். 2011-12இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68ஆவது சுற்றில் ஷெட்யூலை, அதாவது கேள்விப் படிவத்தை, தூக்கிக்கொண்டு திருச்சி, நாமக்கல் பக்கம் அலைந்தேன், இப்போது அதே மாதிரித் தரவுகளை உட்கார்ந்து அலசுகிற வேலை. அமெரிக்கக் களத்தில் நான் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியதில்லை. அந்த ஊர் விஷயம் எல்லாம் அவர்களுடைய அட்டவணைகளையும் விளக்கக் குறிப்புகளையும் படித்துத் தெரிந்துகொண்டது. இந்தியப் பக்கம் சொல்வதற்கும் அந்தப் பக்கம் சொல்வதற்கும் அந்த வித்தியாசம் உண்டு.

முதலில் எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் துறை வருடா வருடம் நுகர்வோர் செலவுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2023இல் சராசரி ஆண்டுச் செலவு 77,280 டாலர். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,440 டாலர், அதை 83 ரூபாயால் பெருக்கினால் 5.35 லட்சம் வந்துவிடும். இந்தியாவில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடத்திய வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒரு ஆளுக்கு மாதம் நகரத்தில் 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122 ரூபாய். ஆளுக்கு என்பதைக் கவனியுங்கள். நம் சர்வேயில் எல்லாமே தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும், அவர்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். படம் தயாரித்த புண்ணியவான் 6,996ஐ நாலால் பெருக்கி 28 ஆயிரம் ஆக்கியிருக்கிறார். நகரத்துக் குடும்பத்துக்கு நாலு பேர் என்பது மோசமான ஊகம் இல்லை. ஆனால் அமெரிக்கக் குடும்பத்தில் சராசரி இரண்டரைப் பேர்தான். அப்புறம் இங்கே நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கே முழு நாட்டையும் எடுத்ததும் ஒரு கோணல்.

அதைவிட, 'குடும்பம்' என்ற சொல்லே இரண்டு இடத்திலும் ஒன்று கிடையாது. நம் சர்வேயில் குடும்பம் என்றால் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பு தனியாகப் போய்விட்டால் எங்களுக்கு அது இரண்டு குடும்பம். அமெரிக்கர்கள் கணக்கில் குடும்பத்துக்குச் சமமாக ஒரு 'நுகர்வு அலகு' உண்டு. இரத்த உறவோ கல்யாண உறவோ இருந்தால் ஒன்று, உறவில்லாதவர்கள் என்றால் வீடு, சாப்பாடு, மற்றச் செலவு என்ற மூன்றில் இரண்டையாவது சேர்ந்து சமாளிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஒரு அபார்ட்மென்ட்டில் தங்கி வாடகையைப் பிரித்துக்கொண்டு அவரவர் சம்பளத்தில் அவரவர் வாழும் மூன்று பையன்கள் அங்கே மூன்று அலகு. இங்கே திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு பேர் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரு குடும்பம். நம்மிடம் உலை அளவுகோல், அவர்களிடம் பர்ஸ் அளவுகோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எதையெல்லாம் செலவு என்று எழுதுகிறோம் என்பது. இதை ஒரு வீட்டைக் காட்டிச் சொன்னால்தான் புரியும். முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். "அக்கா, போன முப்பது நாள்ல புளி எவ்வளவு வாங்கினீங்க?" "புளி எங்க தம்பி வாங்குறது, பங்குனில எங்கம்மா வீட்லேருந்து ஒரு பானை வந்துரும்." வாங்கவில்லை என்றால் சைபர் போட்டுவிட்டு நகர முடியாது. சர்வே கேட்பது வாங்கியதை இல்லை, சாப்பிட்டதை. அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு கரைப்பீர்கள் என்று கேட்டேன். கை விரலைக் குவித்து எலுமிச்சங்காய் அளவு காட்டினார். முப்பது எலுமிச்சங்காயை நான் மனசுக்குள் எடை போட்டு, முக்கால் கிலோ என்று எழுதி, இனாமாக வந்த பொருள் என்பதால் அந்த ஊர் கடை விலையில் மதிப்புப் போட்டேன். அதே வீட்டு வயலில் விளைந்த நெல்லுக்குக் கடை விலை போடக்கூடாது, களத்துமேட்டில் என்ன விலை போகுமோ அதுதான். அந்த வாரம் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கிய நாத்தனார் குடும்பம் சாப்பிட்டது யார் கணக்கு? சமைத்த வீட்டின் கணக்கு. நாத்தனார் வீட்டில் அந்த மூன்று நாளும் சாப்பாட்டுச் செலவு குறைந்துதான் தெரியும். ஆக இந்தியாவின் 'செலவு' என்ற எண்ணுக்குள் பணமே கைமாறாத புளியும் நெல்லும் பாலும் நிறையக் கிடக்கின்றன. அமெரிக்க எண் பெரும்பாலும் ஒருவர் காசு கொடுத்து வாங்கியது.

எதிர்த்திசையில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த 77,280 டாலருக்குள் 9,556 டாலர் ஓய்வூதியப் பிடித்தமும் ஆயுள் காப்பீடும். சம்பளத்தில் பிடிக்கிற சமூகப் பாதுகாப்பு வரியைக்கூட அவர்கள் அந்தத் தலைப்பில்தான் வைக்கிறார்கள். நம் ஊரில் பி.எஃப். பிடித்தத்தை யாராவது வீட்டுச் செலவு என்று சொல்வோமா? சர்வேயும் சொல்வதில்லை. இன்னொரு 2,378 டாலர் நன்கொடை, வெளியில் இருக்கும் உறவுகளுக்குக் கொடுத்தது, சர்ச்சுக்குக் கொடுத்தது வகை. நம் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட கைமாற்றங்கள் நுகர்வில் சேரவே சேராது. ஆடி முடிந்து ஆவணி வந்தால் ஒரே மாதத்தில் மொய்க்கு மட்டும் பத்தாயிரம் போன வீடுகள் உண்டு. ஷெட்யூலை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் "சார், பெரிய செலவை விட்டுட்டு உப்பு மிளகாய் கேக்கிறீங்களே" என்று சிரிப்பார். கோயில் காணிக்கை, ஊருக்கு அனுப்பிய பணம், வட்டி எதுவும் வராது.

வீட்டுச் செலவில்தான் ரொம்பப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க அட்டவணையில் 'வீடு' என்ற தலைப்பில் 25,436 டாலர், மொத்தத்தில் 32.9 சதவீதம். இந்திய நகர அட்டவணையில் 'வாடகை' ஆறரை சதவீதம். உடனே, அடடா அமெரிக்கன் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரனிடம் கொடுக்கிறான், நம் ஆள் ஆறு சதவீதத்தில் தப்பித்துவிடுகிறான் என்று எழுதிவிடுவார்கள். நானே ஒரு காலத்தில் அப்படி ஒரு அட்டவணை போட்டு, மேலே இருந்த ஒருவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய 'வீடு' ஒரு பெரிய பெட்டி. வாடகை, கரண்ட், தண்ணீர், கேஸ், போன் பில், மேஜை நாற்காலி, துடைப்பம், சோப்புத்தூள், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் கட்டணம் வரைக்கும் அதற்குள் போகிறது. நம் அட்டவணையில் எரிபொருளும் விளக்கும் ஒரு வரி, வாடகை ஒரு வரி, வேலைக்காரம்மா சம்பளம் சேவைகளில், பீரோவும் கட்டிலும் நீடித்த பொருள்களில். பெட்டியைப் பிரித்து ஒரே மாதிரி அடுக்காமல் ஒப்பிட்டால் அபத்தம்தான் வரும். இதற்கென்று சர்வதேச வகைப்பாடு ஒன்று இருக்கிறது, அதில் மறுபடி கொட்டி அடுக்குவதிலேயே எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பாதி வேலை போகும்.

இன்னொன்று, சொந்த வீடு. முசிறி அக்காவுக்குச் சொந்த ஓட்டு வீடு, வாடகைச் செலவு சைபர். அந்த வீட்டில் குடியிருப்பதன் மதிப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை இந்திய எண்ணும் சேர்ப்பதில்லை, அமெரிக்கச் செலவு எண்ணும் சேர்ப்பதில்லை. ஆனால் அங்கே வீட்டுக்கடனின் வட்டியும் சொத்துவரியும் செலவில் சேரும், அசல் சேராது. இங்கே வீட்டுக்கடனில் அசலும் சேராது வட்டியும் சேராது. சென்னையில் மாதம் நாற்பதாயிரம் இ.எம்.ஐ. கட்டுகிற ஐ.டி. தம்பதி, பக்கத்து வீட்டில் இருபதாயிரம் வாடகை கொடுப்பவரைவிடக் குறைவாகச் செலவழிப்பவர்கள் மாதிரி தரவில் தெரியக்கூடும். இதை முதன்முதலில் கேட்கிற எல்லோரும் நம்ப மறுப்பார்கள், ஆனால் நுகர்வு வேறு, கடன் அடைப்பது வேறு என்று பார்ப்பதுதான் அதன் தர்க்கம்.

சரி, ரூபாய்க்கு மாற்றுவது. 83ஆல் பெருக்குவது பேங்கில் பணம் மாற்றுகிறவருக்குச் சரி, வாழ்க்கையை ஒப்பிடுகிறவருக்குத் தப்பு. அங்கே ஒரு டாலருக்குக் கிடைப்பது இங்கே எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும் என்று உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தில் கணக்கிடுகிறார்கள், வாங்கும் சக்தி என்பது இதைத்தான். 2017 சுற்றில் இந்தியாவுக்கு அது 20.65 ரூபாய். அந்த வருடம் சந்தையில் டாலர் 65 ரூபாய் சொச்சம். அதாவது மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் இந்த 20.65ஐயும் சாமி வாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது, ஏனென்றால் அது எல்லாப் பொருளையும் கலந்த சராசரி. முடிவெட்ட இங்கே நூற்றைம்பது ரூபாய் கொடுத்தால் மரியாதையாக வெட்டிவிடுவார்கள், அங்கே இருபது டாலருக்கு மேல் ஆகும். ஆள் உழைப்பு சேர்ந்த எதுவும் இங்கே மலிவு. போன், லேப்டாப்புக்கு இரண்டு ஊரிலும் விலை ஒன்றுதான், சில சமயம் இங்கே கூடுதல். பெட்ரோலைப் பாருங்கள்: 2023இல் சென்னையில் லிட்டர் 102 ரூபாய்க்கு மேல், அமெரிக்காவில் அந்த வருடச் சராசரி கேலனுக்கு மூன்றரை டாலரை ஒட்டி, லிட்டருக்கு மாற்றினால் 77 ரூபாய் மாதிரி வரும். வாங்கும் சக்தியெல்லாம் எதற்கு, நேரடி ரூபாயிலேயே பெட்ரோல் நமக்குத்தான் விலை அதிகம். பைக்கில் வேலைக்குப் போகிறவருக்கு 20.65 என்ற எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது இதையெல்லாம் வைத்துக் கைக்கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். தலைக்கு மாற்றினால் அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு மாதம் 2,576 டாலர். 83ஆல் பெருக்கி இந்திய நகர எண்ணால் வகுத்தால் முப்பது மடங்குக்கு மேல் போகிறது, 19 குறையவில்லை, கூடிவிட்டது. இங்கேயே நிறுத்திவிட்டால் இன்னொரு வாட்ஸப் படம் தயார். மேலே போவோம். ஓய்வூதியப் பிடித்தத்தையும் நன்கொடையையும் கழித்தால் ஆண்டுக்கு 65,346 டாலர், தலைக்கு மாதம் 2,178. அதை 20.65ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 45 ஆயிரம் ரூபாய். நகர எண்ணான 6,996 ரூபாயால் வகுத்தால் ஆறரை மடங்கு. கிராமத்தையும் சேர்த்த இந்தியச் சராசரி சுமார் ஐயாயிரம், அதோடு வைத்தால் ஒன்பது மடங்கு. நாலு பேருக்கு ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டியூப்லைட் போதும், இரண்டரைப் பேருக்கும் அதே ஒன்று வேண்டும் என்ற சிக்கனத்தைச் சேர்க்க, தலைகளின் எண்ணிக்கைக்குப் பதில் அதன் வர்க்கமூலத்தால் வகுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிச் செய்தால் நகர ஒப்பீடு ஐந்து மடங்குக்கு இறங்கும். ஆக யாராவது என்னை உட்காரவைத்து ஒரு பதில் சொல் என்றால் ஐந்திலிருந்து ஒன்பது மடங்குக்குள் என்பேன். 6.43 என்று தசமத்தோடு எழுதுகிறவரை நம்பாதீர்கள்.

மொத்தத் தொகையைவிடப் பங்கைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அதில் டாலர் ரூபாய் தகராறு இல்லை. 1857இலேயே எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவைப் பார்த்துவிட்டு, வருமானம் கூடக்கூடச் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்றார். அது இன்னும் நிற்கிறது. 1999-2000இல் இந்தியக் கிராமத்தில் செலவில் 59 சதவீதம் சாப்பாட்டுக்குப் போனது, 2023-24இல் 47. நகரத்தில் 48ஆக இருந்தது இப்போது 40க்குக் கொஞ்சம் கீழே. அமெரிக்காவில் 12.9. நம் 40க்குள்ளும் அரிசி கோதுமை எல்லாம் சேர்த்து நாலு சதவீதம்கூட இல்லை, பெரிய இடத்தைப் பிடித்திருப்பது பானங்களும் பாக்கெட் தின்பண்டமும் வெளியில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடும், பதினோரு சதவீதம். அமெரிக்கர்கள் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் 9,985 டாலரில் ஹோட்டலுக்குப் போவது 3,933. அந்த விஷயத்தில் இரண்டு நாடும் ஒரே பக்கம்தான் நடக்கின்றன. பங்கும்கூட ஏமாற்றும். மேலே சொன்ன ஓய்வூதியத்தையும் நன்கொடையையும் கழித்துவிட்டு வகுத்தால் அதே சாப்பாடு 12.9இலிருந்து 15 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அவர்கள் ஒரு கவளம்கூட அதிகம் சாப்பிடவில்லை, கீழே வகுக்கும் எண்தான் மாறியது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம், அதைச் சைபர் என்று போடுவதா விலை போட்டுச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தும் பங்கு நகரும். அதனால்தான் இப்போது இலவசப் பொருள்களுக்கு மதிப்புப் போட்டு இன்னொரு எண்ணும் தருகிறார்கள், 2023-24இல் கிராமம் 4,247, நகரம் 7,078. ஆனால் அரசு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் அப்படி விலை போடுவதில்லை.

பங்கு ஏமாற்றும் என்பதற்கு மருத்துவம் நல்ல உதாரணம். அமெரிக்காவில் செலவில் 8 சதவீதம், இந்தியக் கிராமத்தில் 2022-23இல் 7 சதவீதம். எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. அங்கே அதில் பெரும்பங்கு காப்பீட்டு பிரீமியம், மாதா மாதம் வருவது, கம்பெனி கட்டும் பங்கு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. இங்கே பெரும்பாலும் மருந்துக்கடை பில், எப்போதாவது ஒரு ஆபரேஷன் வந்து அந்த வருடத்தையே புரட்டிப்போடுவது. பத்து வீட்டில் ஒன்பது வீடு கொஞ்சமாகவும் ஒரு வீடு லட்சக்கணக்கிலும் செலவழித்த சராசரியும், பத்து வீடும் ஒரே அளவு செலவழித்த சராசரியும் ஒரே எண்ணாக வரலாம்.

எதை நம்பலாம், எதில் கை நடுங்கவேண்டும் என்றும் கேட்பீர்கள். இரண்டுமே முறையாக நடக்கும் பெரிய கணக்கெடுப்புகள், நம்முடையதில் 2023-24இல் 2.61 லட்சம் வீடுகளுக்கு மேல். சாப்பாட்டின் பங்கு இறங்குவது, கிராமத்தைவிட நகரத்தில் தலைக்குச் செலவு 2011-12இல் 84 சதவீதம் கூடுதலாக இருந்தது 70க்கு வந்தது, இதெல்லாம் திசை அளவில் உறுதி. ஆனால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைக்கும்போது ஜாக்கிரதை வேண்டும். நான் களத்தில் இருந்த 2011-12 சுற்றில் 347 பொருள்களை ஒரே உட்காரலில் கேட்கவேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும், முக்கால்வாசி தாண்டியதும் வீட்டம்மா "எல்லாம் அதே மாதிரிதான் தம்பி, நீயே போட்டுக்கோ" என்பார். இப்போது 405 பொருள், ஆனால் மூன்று தடவை தனித்தனியாகப் போய்க் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் ஞாபகம் கூடுதலாக வரும், எண்ணும் கொஞ்சம் ஏறும். அதில் எவ்வளவு நிஜமான முன்னேற்றம், எவ்வளவு கேட்ட விதம் என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. நடுவில் 2017-18இல் எடுத்த கணக்கெடுப்பு, தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடாமலே விடப்பட்டதால் பத்து வருடத்துக்கு மேல் நடுவில் ஒரு படிக்கட்டும் இல்லை.

பணக்காரர்கள் இரண்டு நாட்டிலும் நழுவுகிறார்கள். கிராமத்தில் எந்த வீட்டிலும் மோராவது கொடுத்து உட்காரவைப்பார்கள், நகரத்தில் பெரிய அடுக்குமாடிகளில் செக்யூரிட்டி கேட்டைத் தாண்டுவதே பெரும்பாடு. அரசாங்க அடையாள அட்டையைக் காட்டினாலும் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். 2023-24இல் நகரத்தின் மேல்தட்டு 5 சதவீதம் தலைக்கு மாதம் 20,310 ரூபாய் செலவழிப்பதாகத் தரவு சொல்கிறது. நாலு பேர் வீட்டுக்கு 81 ஆயிரம். சென்னையில் இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் போட்டு வாடகை வீட்டில் இருக்கும் யாரும் இதைப் படித்துவிட்டு 'நான் மேல்தட்டா?' என்று கேட்பார். மேல்தட்டின் நிஜமான உச்சி இந்தத் தரவில் அரைகுறையாகத்தான் இருக்கிறது என்பது என் கருத்து. குடி விஷயத்தில் யாரும் உண்மை சொல்வதில்லை, அதில் இரண்டு நாட்டுக்கும் ஒற்றுமை. மொத்தமாகப் பார்த்தால் வீட்டுக் கணக்கெடுப்பில் வரும் செலவு, நாட்டின் மொத்த வருமானத்தைக் கணக்கிடும் தேசியக் கணக்கில் வரும் தனியார் நுகர்வைவிட இரண்டு இடத்திலும் குறைவு, இந்தியாவில் அந்தப் பள்ளம் பெரிது. நான் சொன்ன ஐந்து முதல் ஒன்பது வரை என்பதில் அதனால் கீழ்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொள்வேன்.

சராசரி இந்தியா என்று ஒன்றை வைத்து நீங்கள் தமிழ்நாட்டில் உட்கார்ந்து ஒப்பிடுவதும் அவ்வளவு பொருந்தாது. 2022-23இல் தலைக்கு மாதச் செலவு அகில இந்தியக் கிராமத்தில் 3,773 ரூபாய், தமிழ்நாட்டுக் கிராமத்தில் 5,310. நகரத்தில் அகில இந்திய எண் 6,459, இங்கே 7,630.

இனி உங்கள் தம்பி. 77,280 என்பதில் வீட்டுக்கடனை அடைத்து முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளும் சேர்த்தி. தம்பி வயதில், வாடகை வீட்டில், சின்னக் குழந்தையோடு இருப்பவர் அந்தச் சராசரி ஆள் இல்லை. அங்கே 2023இல் வரிக்கு முந்தைய சராசரி வருமானம் 1,01,805 டாலர், வரியைக் கழித்துவிட்டு 77,280ஐயும் கழித்தால் கையில் நிற்பது நாம் நினைக்கிற அளவு இருக்காது. போக்குவரத்து மட்டும் 13,174 டாலர், மொத்தத்தில் 17 சதவீதம். டெக்சஸ் மாதிரி இடங்களில் கார் ஆடம்பரம் இல்லை, பால் பாக்கெட் வாங்கக்கூடக் கார் எடுக்கவேண்டும், அதுவும் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போனால் ஒன்று போதாது. உங்கள் வீட்டில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றால் நம் கணக்கில் அதற்குச் செலவு சைபர். அதே வேலைக்குத் தம்பி டேகேருக்குப் பணம் கட்டுகிறார், அது அந்த நாட்டின் 'செலவு' எண்ணை ஏற்றுகிறது. அதைக் கூடுதல் வசதி என்று எண்ணினால் உங்கள் அம்மா கோபித்துக்கொள்வார். செலவு அதிகம் என்பது சில இடத்தில் அதிகம் அனுபவிப்பது, சில இடத்தில் இங்கே சும்மா கிடைப்பதற்கு அங்கே காசு கொடுப்பது. எது எவ்வளவு என்று மொத்தத் தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் அவரிடம் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், கேட்டால் சண்டைதான் வரும். வாடகை, டேகேர், இரண்டு கார், இன்ஷூரன்ஸ், மளிகை என்று தனித்தனியாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள், நீங்களும் உங்கள் வீட்டுக்கு அதே தலைப்புகளில் எழுதுங்கள், இங்கே காசு கொடுக்காமல் கிடைப்பதை மறக்காமல் ஒரு வரியில் போடுங்கள். எழுதும்போது ஒன்றைக் கவனிக்கலாம். ஊருக்கு அவர் அனுப்பும் பணம் அமெரிக்க சர்வே வந்து கேட்டால் அவர் செலவில், வெளியே உள்ளவர்களுக்குக் கொடுத்தது என்ற தலைப்பில் ஏறும். அதே பணத்தில் நீங்கள் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கினால், நம் ஆள் ஷெட்யூலோடு வந்து திண்ணையில் உட்காரும்போது அது உங்கள் வீட்டு மருத்துவச் செலவு.